யாரோ என் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறார்கள்: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழிமுறை

மாதத்துக்கு நாலைந்து முறை இந்த போன் வந்துவிடும். "தம்பி, யாரோ என் சிஸ்டத்துக்குள்ள பூந்துட்டாங்க, உடனே வாங்க." நங்கநல்லூர், மயிலாப்பூர், பாரிமுனை, பெருங்குடி என்று வண்டியில் போய்ப் பார்த்ததில், பாதி வீடுகளில் உள்ளே யாருமே இருக்க மாட்டார்கள். மீதி இடங்களிலும் எவனும் சுவர் ஏறிக் குதித்து வரவில்லை. வீட்டுக்காரரே எப்போதோ திறந்துவிட்டு மறந்துபோன கதவு வழியாகத்தான் வந்திருப்பான். அந்தக் கதவு எது என்று தெரியாமல் ஃபார்மெட் போட்டால், சில நூறு ரூபாயும் ஒரு நாளும் செலவாகும். அடுத்த வாரம் அவன் அதே வழியில் திரும்ப வருவான். ஃபார்மெட்டைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

கீழே இருப்பது விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கு. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எந்த அறிகுறி என்றாலும் முதல் ஐந்து நிமிடம்

நெட் வயரைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் ஏரோப்ளேன் மோடு. அதைத் தேடிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையா, சுவரில் மாட்டியிருக்கும் வைஃபை பெட்டியின் சுவிட்சை அணையுங்கள். வெளியே இருப்பவனுக்கு உங்களிடம் வர வேறு பாலம் கிடையாது. பென்டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எது செருகியிருந்தாலும் கழற்றி வையுங்கள்.

கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். பதற்றத்தில் எல்லோருடைய விரலும் பவர் பட்டனுக்குத்தான் போகும். அணைத்துவிட்டால் அந்த நேரத்தில் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பது போய்விடும்; பிறகு நான் வந்து பார்க்கும்போது எல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும். திரையை போனில் படம் எடுத்து வையுங்கள். இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று: கண் முன்னால் ஃபைல் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். அது கீழே தனியாக வருகிறது.

பாஸ்வேர்டு மாற்றுவதானால் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ மாற்றுங்கள். சந்தேகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் புதுப் பாஸ்வேர்டை அடித்தால், உள்ளே இருப்பவனிடம் புதுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

## அறிகுறி: மவுஸ் தானாக நகர்கிறது

நெட்டைத் துண்டித்த பிறகும் நகர்கிறதா? அப்படியானால் நிம்மதியாக ஒரு காபி குடியுங்கள். நெட் இல்லாமல் யாரும் நகர்த்த முடியாது, கோளாறு பொருளில்தான்.

மலிவான காரணத்திலிருந்து போவோம். மவுஸ் கண்ணாடி மேஜை மேல் இருந்தால் அடியில் ஒரு காகிதம் வையுங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றால் பேட்டரி. லேப்டாப் என்றால் டச்பேடில் வியர்வை. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கடைசிக் காரணத்துக்கே தனியாக போன் வரும்.

இன்னொன்று, பழைய வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. மயிலாப்பூரில் ஒரு மாமி, "நான் கையே வைக்கலை, அதுவா ஓடறது பாரு" என்று காட்டினார். அம்பு உண்மையிலேயே நடுங்கி நடுங்கி ஒரு மூலைக்கு ஓடியது. லேப்டாப்பின் உலோக விளிம்பில் விரல் வைத்தேன், சுருக்கென்று ஒரு கூச்சம். சார்ஜரின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகி, அதைப் பழைய சாக்கெட்டில் மாட்டியிருந்தார்கள். எர்த் இல்லை. சார்ஜரைக் கழற்றியதும் அம்பு அடங்கிவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், என்னை வேண்டாம்.

நெட் இருக்கும்போது மட்டும் நகர்கிறது, அதுவும் நேராகப் போய் எதையாவது கிளிக் செய்கிறது என்றால் கதை வேறு. பெரும்பாலும் எப்போதோ போட்ட ரிமோட் ஆப் ஒன்று மிச்சம் இருக்கும். பிரிண்டர் சரிசெய்ய, வரிக் கணக்கு போட, மகன் வெளிநாட்டிலிருந்து பார்க்க என்று எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒன்றை அன்றைக்குப் போட்டிருப்பீர்கள். ஆப்பில் தப்பில்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். "ஆள் இல்லாதபோதும் உள்ளே வரலாம்" என்று ஒரு நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு, அதை எடுக்காமல் விடுவதில்தான் வினை.

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் (விண்டோஸ் 10-ல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்). நிறுவிய தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். தெரியாத ரிமோட் ஆப் இருந்தால் நீக்குங்கள். ஒரே கம்ப்யூட்டரில் மூன்று வெவ்வேறு ரிமோட் ஆப்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை நீக்கியதும் வேலை முடிந்தது என்று நிற்காதீர்கள், பட்டியலை அடிவரை பாருங்கள்.

விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஒருவன் நுழைந்தால், உங்கள் திரை பொதுவாக லாக் ஆகிவிடும். அவன் செய்வது உங்கள் கண்ணில் படாது. ஆகவே மவுஸ் நகர்வதைப் பார்க்கிறீர்கள் என்றால் திரைப் பகிர்வு ஆப்பைத் தேடுங்கள். திரை அடிக்கடி தானாக லாக் ஆகிறது என்றால் நாலாவது அறிகுறிக்குப் போங்கள்.

நீங்கள் நிறுவாத ரிமோட் ஆப் ஒன்று இருந்து, அது எப்படி வந்தது என்றும் தெரியாவிட்டால், அங்கேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: திரை முழுக்க சிவப்பு எச்சரிக்கை, அலறும் சத்தம், கூடவே ஒரு போன் நம்பர்

இது தாக்குதலே இல்லை, ஒரு வெப் பக்கம். மைக்ரோசாஃப்ட் உட்பட எந்த நிறுவனமும் எச்சரிக்கைக்குள் போன் நம்பர் போட்டு "உடனே அழை" என்று சொல்லாது. நம்பர் இருந்தாலே அது பொய்.

எஸ்கேப் விசையைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். முழுத் திரையிலிருந்து வெளியே வரும். வரவில்லையா, ஆல்ட்டும் எஃப்4-ம். அதுவும் கேட்கவில்லையா, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்று கேட்கும். வேண்டாம்.

பிரவுசர் மூடியிருக்கும்போதும் திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று வந்துகொண்டே இருந்தால், ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். கிரிக்கெட் நேரலையோ சீரியலோ தேடிப் போன இடத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்தவும்" என்று கேட்டிருப்பான். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே பெயர் தெரியாத தளம் எல்லாவற்றையும் நீக்குங்கள். முடிந்தது. இதற்குப் போய் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள், எனக்கும்தான்.

அந்த நம்பருக்கு போன் செய்துவிட்டீர்கள், அவர்கள் சொன்ன எதையோ நிறுவியும் விட்டீர்கள் என்றால் அடுத்த தலைப்பு உங்களுக்கு.

## அறிகுறி: யாருக்கோ ரிமோட் கொடுத்தாகிவிட்டது, அல்லது பணம் போய்விட்டது

இங்கே கம்ப்யூட்டர் இரண்டாம் பட்சம். நெட்டைப் பிடுங்கிவிட்டு அப்படியே விடுங்கள். முதல் போன் வங்கிக்கு: கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். நம்பரைக் கூகுளில் தேடாதீர்கள், போலி நம்பர் மேலே வந்து நிற்கும். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பரை அடியுங்கள். இரண்டாவது போன் 1930-க்கு. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். அதனால்தான் "நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்கக் கூடாது. அப்புறம் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள்.

வங்கிக்குச் சொல்லும் நேரத்துக்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, தவறு உங்களுடையதும் அல்ல, வங்கியினுடையதும் அல்ல, மூன்றாம் ஆள் செய்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் இழப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பு. ஆகவே வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படித்தவர்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒரு சார், மகளுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். முதல் நாள் ஒரு தொகை. அந்த இரண்டு நாளில் மீதி.

போனிலும் திரைப் பகிர்வு ஆப் போட வைத்தார்களா என்று பாருங்கள். ஓடிபி அங்கேதானே வருகிறது. அதை நீக்கிய பிறகு, வேறொரு ஆளின் போனிலிருந்து இமெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி. இமெயில் அவன் கையில் இருந்தால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் "மறந்துவிட்டது" என்று சொல்லி மாற்றிக்கொள்வான்.

கம்ப்யூட்டரை என்ன செய்வது? தெரியாத ஆள் பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே இருந்தான், "யெஸ் அழுத்துங்க" என்று சொல்லிச் சொல்லி அட்மின் அனுமதி வாங்கினான் என்றால், நான் அதைச் சுத்தம் செய்ய முயல்வதில்லை. கோப்புகளை எடுத்துவிட்டு ஃபார்மெட். ஆனால் புகார் கொடுத்து முடித்த பிறகு.

## அறிகுறி: சரியான பாஸ்வேர்டு போட்டும் "அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது" என்கிறது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் பார்த்ததில் உண்மையான தாக்குதல் அதிகம் நடப்பது இங்கேதான்.

கோடவுன் தெருவில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை. காலையில் கடை திறந்ததும் முதலாளியின் மகனால் உள்ளே போக முடியவில்லை. பத்து நிமிடம் கழித்து அதே பாஸ்வேர்டு வேலை செய்தது. மதியம் மறுபடி லாக். கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து ரிச்சி தெருவுக்கு ஆள் அனுப்பிப் புதுக் கீபோர்டே வாங்கிவிட்டார்கள். புதுக் கீபோர்டிலும் அதே கதை.

முதல் காரணம் எப்போதும் கேப்ஸ் லாக், அல்லது லேப்டாப்பில் நம்பர் லாக் (Num Lock). அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு, வீட்டில் வேறு யாராவது தப்புத் தப்பாக முயன்றார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால், வெளியிலிருந்து எவனோ பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டிருக்கிறான். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-ல் பத்து முறை தப்பாக அடித்தால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும் வசதி 2022 பதிப்பிலிருந்து இயல்பாகவே இருக்கிறது. அவன் பத்து முறை முயன்றால் பூட்டப்படுவது உங்கள் அக்கவுண்ட்.

உறுதி செய்வது எளிது. ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி. வலது பக்கம் ஃபில்டரில் 4625 என்று போடுங்கள். அது தோற்ற லாகின் முயற்சிகளின் எண். நீங்களே தப்பாக அடித்திருந்தால் ஒன்றிரண்டு இருக்கும். அந்தக் கடையில் சக்கரத்தை உருட்ட உருட்டப் பக்கம் முடியவில்லை. சில வினாடிக்கு ஒன்று, ராத்திரி முழுக்க. எந்தப் பெயரில் முயன்றார்கள் என்பதும் அதில் இருக்கும்: அட்மின், அட்மினிஸ்ட்ரேட்டர், யூசர், டெஸ்ட், அக்கவுண்ட்ஸ். கடைக்கு அக்கவுண்ட்ஸ் என்றே ஒரு யூசர் இருந்தது.

கதவு எது? தாம்பரத்தில் இருக்கும் கணக்காளர் ராத்திரி வீட்டிலிருந்தே டேலியில் பதிவு போடுவதற்காக, ரவுட்டரில், அதாவது வைஃபை பெட்டியில், 3389 என்ற போர்ட்டை (நெட்டிலிருந்து உள்ளே வர எண் போட்ட ஒரு வாசல்) திறந்து நேராகக் கடைக் கம்ப்யூட்டருக்கு விட்டிருந்தார்கள். 3389 ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட். இணையம் முழுக்க அந்த எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்கள் ஓய்வதே இல்லை. யாரோ உங்களைக் குறிவைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். தெருவில் ஒவ்வொரு வீட்டுத் தாழ்ப்பாளையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவன் உங்கள் வீட்டையும் ஆட்டுகிறான்.

சரிசெய்யும் வரிசை இது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப்: ஆஃப். ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து நுழையும் இந்த வசதியே கிடையாது, புரோ பதிப்பில்தான். பிறகு ரவுட்டர் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைப் பார்த்து 3389, ஃபைல் பகிர்வுக்கான 445 இரண்டுக்கும் எது இருந்தாலும் அழித்துவிடுங்கள். இரண்டும் இலவசம். போர்ட் எண்ணை மட்டும் வேறு ஏதாவதாக மாற்றிவிட்டு "செட் பண்ணிட்டேன் சார்" என்று போகிறவர்களை நம்ப வேண்டாம். 65,535 போர்ட்டையும் வரிசையாகத் தட்டிப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்கிறது.

கணக்காளர் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (உங்கள் ஆட்கள் மட்டும் வரக்கூடிய பூட்டிய தனிப்பாதை) வைத்து அதற்குள் ரிமோட் டெஸ்க்டாப். இது கொஞ்சம் செலவு. ஆள் வைத்துச் செய்யுங்கள்.

எவனாவது ஜெயித்தானா என்பதுதான் அடுத்த கேள்வி. ஃபில்டரில் 4624 போடுங்கள், அதில் லாகான் டைப் 10 என்று இருப்பவை ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்தவை. தெரியாத நேரத்தில், தெரியாத முகவரியிலிருந்து ஒன்று இருந்தாலும் வந்துவிட்டான். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஆங்கிலத்தில் நெட், ஓர் இடைவெளி, யூசர் என்று அடித்தால் எல்லா அக்கவுண்ட்டும் வரும். அட்மினிஸ்ட்ரேட்டர், கெஸ்ட், டீஃபால்ட் அக்கவுண்ட், டபிள்யூடிஏஜி என்று தொடங்கும் நீளமான ஒன்று: இந்த நாலும் விண்டோஸ் தானாக வைப்பவை. நாலாவதைப் பார்த்துப் பயந்து எனக்கு ராத்திரி பதினொன்றுக்கு போன் செய்தவர்கள் உண்டு. இவை தவிர, உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால்தான் கவலை.

கடைசியாக ஒரு சோதனை. லாகின் திரையில் நின்று ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டால் நல்லது. கோடவுன் தெருவில் நான் தட்டியபோது கறுப்புக் கமாண்ட் ஜன்னல் திறந்தது, பாஸ்வேர்டே கேட்காமல். ஸ்டிக்கி கீஸ் நிரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்திருந்தான். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அவனுக்குக் கவலையில்லை. இப்படி ஒன்றைப் பார்த்தால் அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். ஆள், ஃபார்மெட், எல்லாப் பாஸ்வேர்டும் புதிது.

## அறிகுறி: ஒன்றும் செய்யாதபோதும் ஃபேன் கத்துகிறது, நெட் இழுக்கிறது

முதலில் தூசி. அப்புறம் வெயில். அப்புறம் விண்டோஸ் அப்டேட். இந்த மூன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு சந்தேகப்படுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு வரிசையை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்த கணமே ஃபேன் அடங்கி, மூடியதும் மறுபடி கத்தினால் அது சந்தேகத்துக்குரியது: கிரிப்டோ காசு சுரண்டும் நிரல்களில் சில, தங்களைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து நான் நேராகப் போவது ஒரே இடத்துக்கு. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொட்டெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், அடியில் எக்ஸ்குளூஷன்ஸ். விண்டோஸுடனே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பார்க்காமல் விட வேண்டிய இடங்களின் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் காலியாக இருக்க வேண்டும். அங்கே சி டிரைவ் முழுவதும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸுக்கோ ஆஃபீஸுக்கோ ஃபோட்டோஷாப்புக்கோ கிராக் (காசு கட்டாமல் ஓட்ட வைக்கும் திருட்டு நிரல்) போட்டவர், "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்ற வழிமுறையை அப்படியே செய்திருப்பார். வாட்ச்மேனுக்கு லீவு கொடுத்துவிட்டுத் திருடனுக்குக் கதவு திறந்த கதைதான். பட்டியலைக் காலி செய்து, கிராக்கை நீக்கி, அதே பக்கத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் எழும் முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கலாம்.

டிஃபெண்டரை ஆன் செய்யவே விடவில்லை, அல்லது ஆன் செய்தால் தானாக அணைந்துவிடுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி: சரியான முகவரி போட்டாலும் வேறு பக்கம் வருகிறது, எங்கு பார்த்தாலும் விளம்பரம்

ஒரு சோதனையில் பாதி வேலை முடியும். அதே வைஃபையில் உங்கள் போனில் அதே தளத்தைத் திறங்கள். போனிலும் கோளாறு என்றால், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறங்கள்.

போனில் சரியாக வந்து கம்ப்யூட்டரில் மட்டும் கோளாறு என்றால் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைப் பாருங்கள். நீங்கள் போடாத "பிடிஎஃப் கன்வெர்ட்டர்" ஏதாவது உட்கார்ந்திருக்கும். பிறகு செட்டிங்ஸில் நெட்வொர்க், பிராக்ஸி: மேனுவல் பிராக்ஸி ஆஃப்பில் இருக்க வேண்டும்.

வைஃபையில் எல்லாக் கருவிகளிலும் கோளாறு, மொபைல் டேட்டாவில் இல்லை என்றால் குற்றவாளி ரவுட்டர். கம்ப்யூட்டரை நாலு முறை ஃபார்மெட் போட்டவர் ஒருவர் பெருங்குடியில் இருந்தார். ரவுட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அடித்து ரவுட்டருக்குள் போங்கள். பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அதுவே இன்னும் வேலை செய்கிறது என்றால் அதுதான் முதல் ஓட்டை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா பதிவுப் பெட்டி) ரவுட்டர்களையும் பிடித்தது இப்படித்தான்: கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. உள்ளே டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தருவது) என்ற இடத்தில் தெரியாத எண்கள் இருந்தால் தானாகப் பெறும்படி வையுங்கள், அல்லது 1.1.1.1, 8.8.8.8. ரிமோட் மேனேஜ்மென்ட், டபிள்யூபிஎஸ், யுபிஎன்பி மூன்றும் ஆஃப். டிஎம்இசட் என்ற பக்கத்தையும் பாருங்கள். கேமரா மாட்ட வந்தவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதில் டிவிஆரின் எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அது வீட்டு வாசலைக் கழற்றி வைத்த மாதிரி.

ரவுட்டரையே ரீசெட் செய்வதானால், ரீசெட் ஓட்டையில் குண்டூசி விடும் முன் பிராட்பேண்ட் அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, உங்கள் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு எழுதி வையுங்கள். ரீசெட் செய்தால் அதுவும் அழியும். ஞாயிற்றுக்கிழமை அழித்துவிட்டால் திங்கள் வரை நெட் இல்லை.

வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரைத் தொடவே முடியுமா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்று ஓர் எண் இருக்கும். கூகுளில் "என் ஐபி என்ன" என்று ஆங்கிலத்தில் தேடினால் ஓர் எண் வரும். இரண்டும் வேறு வேறு, முதல் எண் 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் தொடங்குகிறது என்றால், பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். உங்கள் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியாது என்று திட்டுவீர்கள். ஆனால் தாழ்ப்பாள் ஆட்டுகிறவனுக்கும் உங்கள் வாசல் தெரியாது.

## அறிகுறி: ஃபைல் பெயர்களுக்குப் பின்னால் புது வால், திறந்தால் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு நோட்

இது ரான்சம்வேர். ஃபைல்கள் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். முடிந்துவிட்டிருந்தால் அணைக்காமல் நெட்டை மட்டும் பிடுங்குங்கள். கடையில் மற்ற கம்ப்யூட்டர்கள் இதே வயரில் இருந்தால் சுவிட்ச் பெட்டியின் மின்சாரத்தையே நிறுத்துங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை பரவியபோது, 445 போர்ட் வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு யாரும் எதையும் கிளிக் செய்யாமலே தாவியது. அதற்கான அப்டேட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது.

ஃபார்மெட் போடாதீர்கள். நோட்டையும் பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, வேறு கம்ப்யூட்டரில் நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் ஏற்றிப் பாருங்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது, இலவசம். சாவி தெரிந்த வகை என்றால் அங்கேயே கிடைக்கும். இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். டிஸ்க்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் வேலையைத் தொடருங்கள். பணம் கட்டச் சொல்ல மாட்டேன். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

"நூறு சதவீதம் எடுத்துத் தர்றேன்" என்று டிஸ்க்கைப் பார்க்காமலே சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். வெறும் டெலிட் ஆன ஃபைலை மீட்பது வேறு, பூட்டப்பட்டதைத் திறப்பது வேறு. பார்த்துவிட்டு "முடியாது" என்று சொல்கிறவரிடம்தான் அடுத்த முறையும் போவேன்.

## வயரைத் திரும்பச் செருகும் முன்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பெயர் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை வரும். பதியாமலே ஓட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன எதைச் செய்தாலும் அரைகுறைதான். விண்டோஸ் 11 ஏற்க முடியாத பழைய கம்ப்யூட்டர் என்றால், அதில் வங்கி வேலை பார்ப்பதை நிறுத்துங்கள்.

தினமும் உட்காரும் அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்டாக மாற்றி, அட்மினுக்குத் தனி அக்கவுண்ட் ஒன்று வையுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால்: டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்று வரியிலும் ஆன். வெளி ஹார்டு டிஸ்க்கில் வாரம் ஒரு நகல்; எடுத்ததும் கழற்றி அலமாரியில். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். கோடவுன் தெருக் கடை தப்பித்தது ஒரே காரணத்தால்: பெரியவர் வெள்ளிக்கிழமை தோறும் டேலி நகலை பென்டிரைவில் எடுத்துக் கல்லாவில் போட்டுப் பூட்டுவார், மகன் கிண்டல் செய்தாலும்.

அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைக்காலத்தில், இடியில் வைஃபை பெட்டி போய்விட்டால் புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் பழைய பெட்டியில் மாற்றியது எதுவும் அதில் இருக்காது. அண்ணன் படியிறங்கும் முன்னாலேயே ஸ்டிக்கர் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.